தாங்கும் என்று சொன்னவன்

தாங்கும் என்று சொன்னது அவன்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. வெள்ளைக்காரக் கேப்டன் துரை கேட்டது ஒரே கேள்வி, "கரை தாங்குமா, தம்பி?" என்று, பெங்களூரில் முன்ஷி வைத்துப் படித்த வழவழப்பான தமிழில், நாயக் வெயிலுகந்தன் திருப்பிச் சொன்னதும் ஒரே சொல். சொல் என்றால் வாயோடு போய்விட வேண்டாமா? போகவில்லை. இப்போது அது இந்தத் தட்டையடித் தகரப் படகுக்குள் அவனுக்கு எதிரே புல்டோசர் உருவத்தில் குந்தியிருந்தது, சங்கிலிச் சக்கரமும் அகலமான முன்தகடுமாக, ஒவ்வொரு அலைக்கும் ஒரு முனகல் முனகிக்கொண்டு. அதன் முதுகில் கம்பிவலைப் பாய்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. பாய்ச் சுருள்களுக்கு நடுவே பட்டாளத்துக்குப் பாதை போடுகிற சாப்பர்கள் ஆளுக்கொரு மூலையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் படகின் கதவு. கரையில் முட்டியதும் அது தொபுக்கென்று தண்ணீரில் சாயும். சாய்ந்ததும் முதலில் இறங்க வேண்டியது துப்பாக்கிக்காரன் அல்ல, இந்த இரும்பு எருமைதான். அது மேட்டை வெட்டிச் சரிவாக்க வேண்டும், பின்னால் இவர்கள் பாய் விரிக்க வேண்டும், பாய் மேல் பீரங்கியும் லாரியும் ஏற வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் பாய் விரிக்கிறவன் மாதிரி, சண்டைக்கு முன்னால் பாய் விரிக்கிறவர்கள் இவர்கள்; மதராஸ் சாப்பர்களின் வேலை பர்மாவுக்கு வந்தும் இதுதான். ஆனால் கல்யாண வீட்டில் தரை இருக்கும். வெயிலுகந்தன் மடியில் கிடந்த இரும்புக் கம்பியைத் துணியால் துடைத்தான். துடைத்த கம்பிதான். மறுபடி துடைத்தான். அதில் துடைக்க ஒன்றுமில்லை என்று கைக்குத் தெரியவில்லை.

முந்தாநாள் விடியலில் இந்தக் கம்பியில் சேறு இருந்தது, பாதி வரைக்கும், கறுத்து நாறும் சேறு. பனி அப்படி இறங்கியிருந்தது, நீட்டிய கை தெரியாது. கான்வாஸ் படகைக் கேப்டன் பிடித்துக்கொள்ள, இவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு இறங்கி நடந்தான். வற்றம். கடல் எங்கேயோ கீழே போய்ப் படுத்திருந்தது. சில எட்டுக்கு ஒரு தரம் கம்பியைக் குத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று விரல் வைத்துப் பார்த்து, பிடுங்கி, அடுத்த எட்டு. குத்துவதில் சத்தமில்லை. பிடுங்குவதில்தான். சேறு கம்பியை விடாது, விடும்போது ப்ளக் என்று ஒரு சத்தம், கன்றுக்குட்டி மடியை விடுகிற மாதிரி. கீழே அந்தச் சத்தம் பெரிதாகத் தெரியவில்லை, அலை இருந்தது. ஏற ஏற அலை பின்னால் போய்விட்டது. சத்தம் மட்டும் கூடவே வந்தது. அப்புறம் அந்த இருமல். மரங்களுக்குள் இருந்து ஒருத்தன் இருமினான். அவ்வளவு பக்கத்தில். சளி கட்டின, விடியற்காலை இருமல், இரண்டு தரம் இருமி, காறி, துப்பின சத்தம் கூடக் கேட்டது. ஜப்பான்காரனுக்கும் சளி பிடிக்கும் என்று ஏன் அதுவரை தோன்றவில்லை? வெயிலுகந்தன் சேற்றில் குப்புறப் படுத்தான். படுத்தவன் எழுந்தபோது கம்பி கையில் இருந்தது, ஆனால் கை அதைக் குத்த மாட்டேன் என்றது. குத்தினால் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் ப்ளக். அதனால் குதிகாலை ஊன்றினான். ஊன்றி, உடம்புப் பாரத்தை அதன் மேல் இறக்கி, நின்று, அடுத்த எட்டு. மேல்கரை முழுவதும் அப்படித்தான், மேடு வரைக்கும். இல்லை, மேடு வரைக்கும் போனானா? போனான். போயிருப்பான். மேட்டின் மண் கையில் பட்டது நினைவிருக்கிறது. அது மேடுதானா, வேரா?

குதிகால் சும்மா ஒன்றும் இல்லை. அதை நம்பினதில் தப்பே இல்லை என்று நேற்று முழுக்க அவன் தனக்கே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தான். ஆறுமுகநேரி உப்பளத்தில் பாத்தி மிதிக்க முதல் கூப்பாடு அவனுக்குத்தான் வரும். பாத்தியின் தரையை ஆளும் பேருமாக வரிசையில் நின்று மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், அப்போதுதான் உப்பு கறுக்காது, தரை தண்ணீரைக் குடிக்காது. மிதித்து முடித்ததும் கங்காணி, "ஏ வெயிலு, ஒரு நடை நட" என்பான். இவன் குறுக்கே நடப்பான். எங்கே பொசுக்கு, எங்கே கெட்டி என்று குதிகால் சொல்லும். அவன் சொன்ன இடத்தை மறுபடி மிதிப்பார்கள். அந்த வேலையை அவன் வெறுத்தான், குதிகால் பாளம் பாளமாக வெடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போய் அவன் இரவெல்லாம் கத்தியிருக்கிறான்; பூட்ஸ் தருகிறார்கள் என்று கேட்டுத்தான் பட்டாளத்துக்கே ஓடினான். சரி, ஓடினான். அப்புறம்? இத்தனை வருஷம் பூட்ஸுக்குள் கம்பளிக் காலுறைக்குள் கிடந்து பவிசு கொண்டாடின குதிகாலுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? வெடிப்பெல்லாம் மூடி, துரைசானி கன்னம் மாதிரி ஆகிவிட்டதே. அதுவும் போகட்டும். அது மேலே கெட்டியாக இருந்தது உண்மை. மிதித்த பாத்தி மாதிரியே இருந்தது. ஆனால் பாத்தியை மனுஷன் மிதித்தான், அதனால் மேலும் கெட்டி, கீழும் கெட்டி. இந்தக் கரையை யார் மிதித்தார்கள்? வெயில் காய வைத்த மேல்தோல், அதற்குக் கீழே என்ன என்று குதிகாலுக்கு எப்படித் தெரியும்? அதோடு அந்த ஓட்டைகள். பாதத்துக்கடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் பட்டன. நேற்று மத்தியானம் டப்பா மீனைச் சோற்றில் பிசையும்போது திடீரென்று புரிந்தது, அது நண்டு வளை. நண்டு கெட்டித் தரையில் வளை வெட்டாது. பிசைந்த சோறு கையிலேயே நின்றது. பக்கத்தில் இருந்தவன், "இன்னாண்ணே, முள்ளா?" என்றான். "ஆமா, முள்ளு" என்றான் வெயிலுகந்தன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எப்போதெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று எண்ண ஆரம்பித்தால் மனசு தறிகெட்டு ஓடுகிறது. கான்வாஸ் படகில் ஏறினதுமே கேட்டார், அப்போது பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, குளிரா பயமா தெரியவில்லை, தாங்கும் சார் என்று வந்துவிட்டது, வாய்க்கு அவசரம். சரி, அது போகட்டும். மறுநாள் காலையில் கம்பெனி முழுவதும் நிற்க, கேப்டன் கரையின் வரைபடத்தில் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்து, "நாயக் வெயிலு நடந்த பாதை" என்றாரே, தோளில் கை வைத்தாரே, சிகரெட் டப்பா ஒன்று கொடுத்தாரே, அப்போது சொல்ல முடியுமா? துரை, அந்தக் கோட்டில் பாதி நான் நடந்த பாதை, பாதி நான் பயந்த பாதை என்று? ஊர் பாராட்டுகிறபோது வாயில் கொழுக்கட்டை. டப்பாவை அன்றைக்கே எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டான். ஒன்றைக்கூடப் பற்ற வைக்கவில்லை. நாயக்குக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அதற்கும் ஒரு பேர் வந்தது, கேட்டீர்களா அநியாயத்தை. இன்று காலை படகேறும் துறையில் கேப்டன் தகரக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டு தனியாக நின்றார். தனியாக. இவன் கிட்டே போய் நின்றுகூட விட்டான். "ரெடியா, தம்பி?" என்றார். "ரெடி சார்" என்றான். அந்தத் தேநீரில் ஒரு கொசு மிதந்தது. சார், கொசு என்று சொல்லத் தோன்றியது, அதையும் சொல்லவில்லை. இப்போது கேப்டன் வலப்பக்கத்துப் படகில் இருக்கிறார். தலை மட்டும் தெரிகிறது, தூரக்கண்ணாடியோடு. கூப்பிட்டால் கேட்காது, எல்லா என்ஜினும் ஒன்றாக இரைகிறது, பின்னாலிருந்து கப்பல்கள் வேறு கரையை நோக்கிச் சுட ஆரம்பித்துவிட்டன. குண்டு தலைக்கு மேல் போகும்போது யாரோ பெரிய துணியைக் கிழிக்கிற சத்தம். இந்தப் படகில் அவன்தான் மூத்தவன். பின்னால் சுக்கான் பிடித்திருக்கிற வங்காளிக் கடற்படைக்காரன் அவனைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வெயிலுகந்தனும் தூக்கிக் காட்டினான்.

"அண்ணே, லவங்கம் இன்னொண்ணு கீதா?"

டோசர் ஓட்டும் கன்னியப்பன். ஆற்காட்டுப் பக்கம். கடைவாய்ப் பல் வீங்கி மூன்று நாளாகிறது, முகத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டால் கட்டி உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தான், முடிச்சுக்கு மேல் இரும்புத் தொப்பி ஒட்டாமல் ஆடியது. இந்தக் கோலத்தில் உன்னைப் பார்த்தால் ஜப்பான்காரன் சிரித்தே சாவான் என்று காலையில் எல்லாரும் கேலி பண்ணினார்கள்.

வெயிலுகந்தன் சட்டைப் பையில் துழாவி ஒரு கிராம்பை எடுத்து நீட்டினான். "மெல்லாத. பல்லுக்கிட்ட அடக்கி வச்சுக்கிடு."

"நாளிக்கி டாக்டர்கிட்ட போயி இத்தப் புடுங்கிப் போட்டுடணும். உயிர் போவுது. மத்ததெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணே. கதவு தொறந்தா நேரா ஏத்திட வேண்டியதுதான், நீ கால் வச்ச எடம், யானையே நிக்கும்."

நாளைக்கு என்றான். இவன் நாளைக்குப் பல் பிடுங்க வேண்டும் என்றான். போன மாதம் ஒரு ஓடையைக் கடக்கும்போது கோவேறு கழுதை ஒன்று சேற்றில் இறங்கியது. கயிறு வெயிலுகந்தன் கையில்தான் இருந்தது. கழுதை கத்தவில்லை. அதுதான் இன்னும் தொந்தரவு செய்கிறது, அது கத்தவே இல்லை, இழுக்க இழுக்க இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு போனது, கடைசியில் இரண்டு காதும் நேராக நின்றன, அப்புறம் காதும் இல்லை. அது கழுதை. இது பல டன் இரும்பு. இரும்பு அவ்வளவு நேரம் எடுக்காது. கதவில் இருந்து இறங்கும், மேல்தோல் உடையும், மூக்கு குத்தும், இருக்கை வரை தண்ணீர், கன்னியப்பனுக்கு நீச்சல் தெரியாது, ஆற்காட்டு ஆற்றில் தண்ணீர் எங்கே ஓடுகிறது நீந்த? துண்டு முடிச்சு மட்டும் கழுதைக் காது மாதிரி மேலே தெரியும். சீ, என்ன நினைப்பு. அதோடு முடியாது. டோசர் வாசலில் செத்துக் கிடந்தால் பின்னால் வருகிற படகுகள் எங்கே போகும்? ஒன்றன் மேல் ஒன்று முட்டி நிற்கும், ஆள்கள் இடுப்பளவு சேற்றில் நிற்பார்கள், இருமினவன் மரத்துக்குள் இருந்து நிதானமாகச் சுடுவான். ஒருவேளை தாங்கிவிட்டால்? தாங்கலாம். தாங்காது என்று யார் கண்டது? மேலே கெட்டியாகத்தானே இருந்தது. தாங்கிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், சுபேதார் சாப் சொன்னபடி ஹவில்தார் பட்டை வரும், குதிகால் வெயிலு என்று பேர் வரும். இப்படியே ஒரு பக்கம் ஓடின மனசு, படகு ஒரு அலையில் ஏறித் தொம்மென்று விழுந்ததும் சடக்கென்று நின்றது. அலை. பெருக்கு. கடல் மேலே ஏறி நிற்கிறது. முந்தாநாள் வற்றம், இன்றைக்குப் பெருக்கு. அவன் கம்பி குத்தின கீழ்க்கரை முழுக்க இப்போது தண்ணீருக்கடியில், இந்தப் படகு அதற்கு மேலே மிதந்து போய்விடும். படகு முட்டி நிற்கப்போவது மேல்கரையில். கதவு விழப்போவது குதிகால் பட்ட இடத்தில். குத்தினது ஒன்றுக்கும் உதவாது, குத்தாததுதான் கரை. இது அவனுக்கு இப்போதுதான் தெரிகிறதா? இல்லை. பெருக்கில்தான் இறங்குவோம் என்று கேப்டன் முதல் நாளே சொன்னார். தெரிந்தேதான் தாங்கும் என்றான். அவனுக்கு அழுகை வந்தது, வந்ததை யாரும் பார்க்கவில்லை, எல்லார் முகத்திலும் கடல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கரை பெரிதாகிக்கொண்டு வந்தது. மரங்கள், புகை, மரங்களுக்குக் கீழே அந்த மேடு. இவ்வளவு அழகான வெயில் எதற்கு? கம்பியை ஊன்றி எழுந்தான், டோசரின் படியில் காலை வைத்து ஏறினான், கன்னியப்பன் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். கிராம்பு வாசம்.

"கன்னியப்பா, மேல்கரையில கம்பி குத்தலடே."

"இன்னா?"

"இப்ப நம்ம எறங்கப் போற எடம். கீழதான் குத்துனேன். இங்க வெறுங்கால ஊணிப் பாத்துட்டு வந்துட்டேன். ஒருத்தன் இருமுனான். பயந்துட்டேன்."

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். வீங்கின பக்கம் அசையவில்லை, மற்றப் பாதி முகம் மட்டும் மெதுவாக மாறியது. "தாங்கும்னியே."

"சொன்னேன்."

"ரெண்டு நாளா கூடவே குந்திகினு சோறு துன்னியே. லவங்கம் தேடிக் குடுத்தே. இத்தச் சொல்ல வாய் வரல உனக்கு."

"வரலடே."

கன்னியப்பன் கிராம்பைத் துப்பினான். அது முன்தகட்டில் பட்டுக் கீழே விழுந்தது. "இப்போ சொல்லி நான் இன்னா பண்ணட்டும்? கதவு உழுந்தா எறக்கணும். பின்னால பாரு, வரிசையா வராங்க. நிக்க முடியுமா?"

"நான் முன்னால எறங்குதேன், கம்பியோட. கை தூக்குற வரைக்கும் கதவை விட்டு எறக்காத. எந்தப் பக்கம் காட்டுதேனோ அந்தப் பக்கம் திருப்பு."

"சுட்டுட்டா?"

"நான் உழுந்த எடத்துக்கு வராத. அம்புட்டுதான்."

"உன்ன நம்பி."

"என் கால நம்பாத. கம்பிய நம்பு."

கன்னியப்பன் என்ஜினை முடுக்கினான். வெயிலுகந்தன் கீழே குதித்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான், பாதியில் நிறுத்திக்கொண்டான். எதற்கு அவிழ்க்க வேண்டும்? காலைக் கேட்கப் போவதில்லையே. மறுபடி முடிச்சுப் போட்டான், விரல்கள் ஒரு முடிச்சுக்கு நாலு முடிச்சுப் போட்டன. சாப்பர் ஒருவன், "நாயக், நீங்க பாய்க்குப் பின்னால வரணும்" என்றான். "இல்ல, முன்னால" என்றான் இவன். அதைச் சொன்னபோது குரல் சாதாரணமாக இருந்தது அவனுக்கே ஆச்சரியம். இரண்டு நாளாக உள்ளே சுற்றிச் சுற்றி வந்தது எங்கே போயிற்று? போகவில்லை, கைக்கு இறங்கியிருந்தது. கம்பியின் நுனி தகரத்தில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. படகின் வயிறு எதிலோ உரசி, உந்தி, நின்றது. கதவு விழுந்தது.

முழங்காலளவு தண்ணீர். எதிரே மேடு அவன் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவு பக்கத்தில்தான் அந்த இருமல் கேட்டதா? கதவின் விளிம்பைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தான். காலுக்குக் கீழே கெட்டியாக இருந்தது. மிதித்த பாத்தி மாதிரி, அருமையாக, இப்போதும் குதிகால் அடித்துச் சொன்னது, தாங்கும் தாங்கும் என்று. கம்பியைக் குத்தினான். ஒரு சாண் வரை தடுத்தது, அப்புறம் மேல்தோல் விட்டது, கம்பி வெண்ணெயில் போகிற மாதிரி போனது, அரைக் கம்பி, முக்கால் கம்பி, பிடித்த கை தண்ணீருக்குள் போய்ச் சேற்றைத் தொட்டது. ஆக, அதுதான். இரண்டு நாளாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது தெரிந்துவிட்டது. சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். பிடுங்கினான். ப்ளக் என்றது, யார் காதிலும் விழுந்திருக்காது. மரங்களுக்குள் இருந்து சுட ஆரம்பித்திருந்தார்கள், தண்ணீர் அங்கங்கே துள்ளியது. இடப்பக்கம் போனான். குத்தினான். இறங்கியது. இன்னும் இடப்பக்கம். கதவுக்கு நேரே இல்லை, விளிம்பில் இருந்து திருப்பித்தான் கொண்டுவர வேண்டும், கன்னியப்பன் திருப்புவான், திருப்பத் தெரியும் அவனுக்கு. குத்தினான். டொக். மேலேயே நின்றது, உள்ளங்கை அதிர்ந்தது, மணலும் சிப்பியும் இறுகின திட்டு. நம்பவில்லை. பக்கத்தில் குத்தினான், டொக். அதற்குப் பக்கத்தில், மேட்டுப்பக்கம், படகுப்பக்கம், முந்தாநாள் குத்தாததையெல்லாம் சேர்த்துக் குத்துகிறவன் மாதிரி மாறி மாறிக் குத்தினான். பின்னால் படகில் யாரோ கெட்ட வார்த்தையில் அவசரப்படுத்தினான். கையைத் தூக்கிக் காட்டினான். காட்டிவிட்டுக் கம்பியைத் திட்டில் ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றான், தப்பினால் முதலில் தன் மேலேயே வரட்டும் என்று.

டோசர் கதவில் இறங்கி ஒரு பக்கச் சங்கிலியை நிறுத்தித் திரும்பியது, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நேராக அவனை நோக்கி வந்தது. முன்தகட்டுக்கு மேலே வெள்ளைத் துண்டு முடிச்சு தெரிந்தது. "தாங்கும்" என்றான் வெயிலுகந்தன். யாரும் கேட்கவில்லை அவனை. தரை நடுங்கியது, பூட்ஸுக்குள் குதிகால் வழியாக அந்த நடுக்கம் முதுகுத்தண்டு வரை ஏறியது, ஆனால் தரை இறங்கவில்லை. தகடு அவனை ஒட்டினாற்போல் வந்து நின்றது. கன்னியப்பன் எட்டிப் பார்த்தான். இவன் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தான், பார்த்துவிட்டு, அடுத்தது எங்கே என்கிற மாதிரி முகவாயை மேட்டுப்பக்கம் ஆட்டினான். வெயிலுகந்தன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.